சடசடப்பு அடங்கும் வரை

ஜூலை 6, ஞாயிறு

மில்லில் முப்பத்து நான்கு வருஷம் ஷிப்ட் முடிகிற நேரம் லாக் புக் எழுதியவன் நான். எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது, யார் சரிசெய்தது என்று மூன்று வரி. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடக்கிறது. ஜனவரியில்தான் என் வீட்டுக்காரி வடிவு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்தது.

ஓசூரிலிருந்து மகள் கோமதி மெசேஜ் போட்டிருந்தாள். "அம்மா காய்ச்சின எண்ணெய் ஏதும் மிச்சம் இருக்காப்பா? கடை எண்ணெய் வாடையே ஆகமாட்டேங்குது. தலையில வச்சா குமட்டுது."

வடிவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூலிகை எண்ணெய் காய்ச்சி, கோமுவுக்கு ஒரு பாட்டில் பார்சல் அனுப்புவாள். அலமாரியில் கடைசி பாட்டில் இருக்கிறது, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெயோடு. அதை தினமும் ஒரு தடவை திறந்து மோந்துவிட்டு மூடிவைக்கிறேன். தேய்ப்பதற்கில்லை. எனக்குத் தலை உண்டு, முடி கிடையாது.

"மிச்சம் இல்லம்மா. நானே காய்ச்சி அனுப்புதேன்" என்று பதில் போட்டேன். முதலில் சொன்னது பொய். இரண்டாவதையாவது மெய்யாக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

வடிவு எதையும் எழுதிவைக்கிறவள் இல்லை. கோமுவிடம் கேட்டேன். இரண்டு தீபாவளிக்கு முன்னால் அம்மா செய்முறையைப் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதாம். "அப்ப பாதி கேட்டேன், அதான் அம்மாவே அனுப்புறாளேன்னு விட்டுட்டேன். இப்ப அம்மா குரலைக் கேக்க முடியலப்பா. தொறக்காமலே அனுப்புறேன்" என்று எழுதியிருந்தாள். ஏழு நிமிடம் நாற்பது விநாடி.

வடிவுக்கு ஊரறிந்த தொண்டை. அடுக்களையில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் கேட்கும். அவள் என்னிடம் தணிந்து பேசி எத்தனையோ வருஷமாகிறது. ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று நான் எரிந்து விழாத நாளும் இல்லை. ஆனால் இந்த ரெக்கார்டில் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி பேசுகிறாள். செல்போன் செய்தவன் எங்கோ கோட்டைவிட்டிருக்கிறான். காதில் அழுத்திப் பிடித்து ஆறு தடவை போட்டு, பிடிபட்டவரை எழுதிக்கொண்டேன்.

கரிசலாங்கண்ணி இரண்டு கட்டு, செம்பருத்தி இலையும் பூவும், ஒரு கை மருதாணி, கறிவேப்பிலை, கற்றாழை ஒரு மடல், சின்ன வெங்காயம். எல்லாவற்றையும் அரைத்துச் சாறு பிழிய வேண்டும். செக்குத் தேங்காய் எண்ணெயில் சாற்றை ஊற்றிக் காய்ச்ச வேண்டும். சத்தம் அடங்கியதும் இறக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெந்தயமும் நாலு மிளகும் போட்டு, மறுநாள் வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும்.

கடைசி ஒன்றரை நிமிடத்தில் எதுவும் பதிவாகவில்லை. வெறும் இரைச்சல்.

ஜூலை 9, புதன்

செம்பருத்தியும் மருதாணியும் பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் தோட்டத்தில் பறித்தேன். டீச்சர் தனிக்கட்டை, என்னைவிட நாலைந்து வயது இளையவர். கோமுவுக்கு ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். பாடம் எடுத்த வாய் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வரும். அவரோடு பேசுவது எனக்குச் சுலபம்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு மருதாணி?"

"தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போறேன் டீச்சர்."

டீச்சர் என் தலையை ஒரு பார்வை பார்த்தார். மகளுக்கு என்று சொன்ன பிறகுதான் சிரிப்பை அடக்கினார். "வடிவக்கா சத்தம் இல்லாம தெருவே வெறிச்சுன்னு கெடக்கு அண்ணாச்சி" என்றார். அது உண்மைதான். தெரு மட்டுமில்லை. இப்போது வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பழைய மில்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மனைவி இருக்கிறவன் வீட்டுக்குத்தான் நாலு பேர் வருவார்கள் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காய்ச்சியாகிவிட்டது.

வடிவு இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம் இழுத்தடிப்பாள். அடுப்பை எரிகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தணித்து வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, கொலுவில் வைத்த பொம்மை மாதிரி அசையாமல் இருப்பாள். நான் தீயை ஏற்றி வைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் சாற்றை ஊற்றினேன். ஒரு தடவை பொங்கி வந்தது, பிறகு நுரைதான். காதைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சத்தம் ஒன்றும் இல்லை. சரியாக எட்டு நிமிடத்தில் இறக்கிவிட்டேன். எண்பது நிமிடத்துக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கிறேன். பிட்டர் வேலை பார்த்தவனிடம் கொடுத்தால் எந்த வேலையும் சுருங்கிவிடும்.

ஜூலை 11, வெள்ளி

வடிகட்டினேன். அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் மாதிரி தங்கியது. சத்து என்று அதையும் சேர்த்தே ஊற்றினேன். இரண்டு பாட்டில். ஒன்று கோமுவுக்கு, இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

குக்கர் விசில் அடிக்கவே இல்லை, பருப்பு கரிந்துபோனது. வால்வு போயிருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

கோமு போன் செய்தாள். பதினொரு நிமிடம் பேசினாள். வடிவு இருந்தவரை போன் வடிவு கையில்தான் இருக்கும். பேசி முடித்துவிட்டு, கோமு இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்று எனக்குக் கத்திச் சொல்வாள். இப்போது நேரடியாகப் பேசும்போது லைன் சரியாக இருப்பதில்லை. ஓசூரில் மலை அதிகம்.

நடுவில் என்னவோ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ. பார்சல் நாளைக்குப் போடுதேன்" என்றேன். அதற்கு மேல் அவள் அதிகம் பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

பார்சல் அனுப்பினேன். அனுப்புநர் என்ற இடத்தில் சு. வேலுமயில், கோவில்பட்டி என்று எழுதினேன். இதுவரை எல்லாப் பார்சலிலும் அந்த இடத்தில் சண்முகவடிவு என்றுதான் இருந்திருக்கும்.

ஜூலை 19, சனி

குக்கருக்குப் புது வால்வு வாங்கி மாட்டினேன். புதுசும் விசில் அடிக்கவில்லை. இப்போது கம்பெனிக்காரர்கள் எதையுமே ஒழுங்காகச் செய்வதில்லை.

ஜூலை 25, வெள்ளி

சிலிண்டர்காரர் இரண்டு தடவை வந்து பெல் அடித்துவிட்டுத் திரும்பிப் போனாராம். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வராமலே வந்ததாகச் சொல்கிறார். டீச்சரையே சாட்சிக்குக் கூப்பிட்டார். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "விடுங்க அண்ணாச்சி, இனிமே எங்கிட்ட சொல்லட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோமு பேசினாள். நாலு நிமிடம். எண்ணெய் வந்ததா என்று கேட்டேன். என்னவோ சொன்னாள். அப்புறம் ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. வாஷிங் மெஷின் பேச்சாகத்தான் இருக்கும். வடிவு போனதிலிருந்து, நீங்க கையால துணி துவைக்க வேண்டாம், ஒண்ணு வாங்கி அனுப்புறேன் என்று மெசேஜில் நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு ஆளுக்கு எதற்கு மெஷின்?

"அதெல்லாம் இங்க வேண்டாம்மா. யாரு பாத்துக்கிடுறது? அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

 பிறகு வைத்துவிட்டாள். நான் ஹலோ ஹலோ என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மாப்பிள்ளை ராஜ்மோகன் மெசேஜ். "மாமா, அந்த எண்ணெய் வாடை அவளுக்கு ஒத்துக்கல. திறந்ததும் வாந்தி. இந்த நேரத்துல எதுவும் அனுப்ப வேண்டாம்."

எந்த நேரத்தில் என்று எழுதவில்லை. ஆபீசில் வேலை அதிகமான நேரமாக இருக்கலாம். மாப்பிள்ளை எப்போதும் மரியாதையாக எழுதுகிறவர். இதில் எப்படி இருக்கீங்க என்றுகூட இல்லை.

வீட்டில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். மூக்கை வைக்க முடியவில்லை. புளித்த வாடை. மேலே வெள்ளையாகப் பூஞ்சை. நான் காய்ச்சியதை மகள் மோந்துபார்த்து வாந்தி எடுத்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செக்குக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறீர்கள் என்றேன். அவர் வாயை மூடவே இல்லை, நானும்தான். கடைசியில் அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி முகத்துக்கு நேரே சொன்னார்: "அண்ணாச்சி, சாத்துத் தண்ணி வத்துறதுக்கு முன்னாடி எறக்கிட்டீக. சடசடப்பு நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றேன்.

"நல்லாக் கேட்டீகளா?"

இனி அந்தக் கடையில் வாங்குவதில்லை.

ஆகஸ்ட் 16, சனி

இரண்டாம் தடவை. வேறு கடை எண்ணெய். இந்த முறை சத்தத்தை நம்பவில்லை, கடிகாரத்தை நம்பினேன். வடிவு கணக்கு ஒன்றரை மணி நேரம். அதே ஒன்றரை மணி நேரம் வைத்தேன். தீயின் அளவு மட்டும் என் அளவு. ஒரு மணி நேரம் தாண்டியதும் புகை வந்தது. முடிந்தபோது எண்ணெய் தார் மாதிரி இருந்தது. அதை வைத்து ரோடுதான் போடலாம்.

சட்டியை உமி போட்டுத் தேய்த்தேன், கரி போகவில்லை. வடிவு இருபது வருஷமாகப் புழங்கிய இரும்புச் சட்டி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோமு பேசவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பேசவில்லை. நான் கூப்பிட்டேன், மாப்பிள்ளை எடுத்தார். தூங்குகிறாள் என்று சொன்ன மாதிரி இருந்தது. பகல் பதினோரு மணி.

என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். கெட்டுப்போன எண்ணெயை அனுப்பியதற்காக ஒரு பிள்ளை அப்பாவிடம் பேசாமல் இருக்குமா? அம்மா இருந்தவரைதான் வீடு, அப்பா சும்மா வீட்டில் கிடக்கிற நாற்காலி என்று நினைத்துவிட்டாளோ என்னவோ.

செப்டம்பர் 5, வெள்ளி

தோசை மாவு புளித்துவிட்டது. இரண்டு சட்டை துவைத்தேன். யாரும் வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மோந்துபார்க்கிற பாட்டிலை இன்று திறக்கவில்லை. திறக்கத் திறக்க வாசம் குறைகிறது என்று சந்தேகம்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் ஜெபமணி டீச்சர் ஒரு டப்பா கேசரியோடு வந்தார். பெல் அடித்துப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறமாக வந்து என் எதிரில் நின்றார்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. நேத்து கோமதி போன் பண்ணியிருந்தா. அஞ்சாவது மாசம் நடக்குதாமே. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லாத வாய்.

"ஆமா டீச்சர். சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றேன்.

"அப்பா எப்பிடி இருக்காருன்னு கேட்டா. என்னமோ அழுத மாதிரி இருந்துச்சு. தலைப்பிரசவத்துக்கு இங்க வாறாளா?"

"பாக்கணும் டீச்சர்."

கேசரி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். டீச்சர் போனார்.

எனக்குத் தெரியாது. என் மகள் பிள்ளை உண்டாகியிருப்பது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். லாக் புக்கில் பழுது எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது என் பழைய வேலை.

ஜூலை 13-ஆம் தேதியில் இருக்கிறது. "நடுவில் என்னவோ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்." சொல்லியிருக்கிறாள். அம்மா இல்லாத பிள்ளை, அப்பாவிடம் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறாள். நான் பார்சல் நாளைக்குப் போடுகிறேன் என்றிருக்கிறேன். பூவும் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறியிருக்க வேண்டிய ஆள். இரண்டு மாதமாகச் சம்பந்தி வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்?

ஆகஸ்ட் 3-ஆம் தேதியைப் படிக்கத் தைரியம் வரவில்லை. படித்தேன். அன்று அவள் கேட்டது வாஷிங் மெஷின் இல்லை. பிரசவத்துக்கு அங்க வரட்டுமாப்பா என்று கேட்டிருப்பாள். இங்கே வேண்டாம், யார் பார்த்துக்கொள்வது, அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னது என் வாய்தான். என் கையெழுத்தில் இருக்கிறது.

லைன் சரியில்லை. வால்வு சரியில்லை. ரெக்கார்ட் சரியில்லை. சிலிண்டர்காரர் பொய்யர். செக்குக்காரர் திருடர். இத்தனை பழுதுக்கும் காரணம் ஒரே இடம் என்று ஒரு கத்துக்குட்டி பிட்டர்கூடச் சொல்லிவிடுவான்.

எனக்குக் காது கேட்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

போனை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"டீச்சர், இதுல வடிவு பேசியிருக்கா. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. முழுசையும் எழுதித் தர முடியுமா? ஒரு வார்த்தை விடாம."

டீச்சர் ஆச்சரியப்படவில்லை. "ரொம்ப நாளாத் தெரியும் அண்ணாச்சி. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

டீச்சர் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். கண் சிவந்திருந்தது. கடைசிப் பக்கத்தை இங்கே ஒட்டிவைக்கிறேன்.

"...அடுப்ப சிம்முல வச்சிக்கோ. சடசடன்னு பொரியும். அந்தச் சடசடப்பு அடங்குற வரைக்கும் எடத்த விட்டு நகரக்கூடாது. அடியில கெடக்கிற கசடை எடுத்து விரல்ல உருட்டுனா மணல் மாதிரி உதிரணும். திரியில நனைச்சுக் கொளுத்துனா பொரியாம நின்னு எரியணும். உங்கப்பாவ மட்டும் அடுப்புக்கிட்ட விட்டுராத. பச்சையாவே எறக்கி வச்சிருவாக.

"இரு, அப்பா இந்தப் பக்கம் வாறாக...

"போயிட்டாக. கோமு, இதச் சொல்லணும்னே இருந்தேன். அப்பாகிட்ட மெதுவாப் பேசாத. அவுகளுக்குக் காது மந்தமாகி ரொம்ப வருசமாச்சு. மில்லு சத்தத்துல போனது. வாயப் பாத்துச் சமாளிச்சிருவாக. கேக்கலையான்னு கேட்டா ரோசம் வந்துரும். அதனால நான் கேக்கிறதே இல்ல, கத்திப் பேசிருவேன். இந்தத் தெருவே என்னயச் சண்டைக்காரின்னு நெனக்கி. நெனச்சிட்டுப் போகட்டும். கல்யாணமான புதுசுல நான் பேசுறதே வெளிய கேக்காது தெரியுமா? உங்கப்பா எவ்வளவு வாட்டி சொல்லியிருக்காக, ஒன் கொரலு நல்லாருக்குடின்னு. இப்ப கத்திக் கத்தித் தொண்டையே மாறிப்போச்சு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா அவுகளுக்கு யாரு கத்துவா? நீ கத்து. ஏன் கத்துறன்னு கேட்டா, லைன் சரியில்லன்னு சொல்லிரு."

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று அதை ஒட்டியபிறகு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

உன் குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஞாபகம் எனக்கு இருக்கிறது. அந்தக் குரல்தான் ஞாபகத்தில் இல்லை. இந்த போனில் ஏழு நிமிடம் நாற்பது விநாடிக்கு அது இருக்கிறது. டீச்சருக்குக் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

ஏன் இப்படிக் கத்துற என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் ஒரு பதிலும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் வடிவு. ஒருநாளாவது என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்றாம் தடவை.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. இருநூறு மெஷின் ஓடுகிற இடத்தில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதால் சொல்ல முடியாது. சத்தத்தில் எல்லாம் ஒன்றுதான். அதனால் நாங்கள் ஸ்குரூ டிரைவரின் முனையை மெஷின் உடம்பில் வைத்து, பிடியை உள்ளங்கையில் அழுத்திக்கொள்வோம். நல்ல பேரிங் என்றால் சீரான நடுக்கம். தேய்ந்தது என்றால் கையில் குத்தும். கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னால் தப்பாது என்று மேஸ்திரியே மற்றவர்களிடம் சொல்வார்.

இன்று அடுப்பை வடிவு வைக்கிற மாதிரி தணித்து வைத்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்தேன். கட்டைப்பிடி போட்ட இரும்புக் கரண்டியின் முனையைச் சட்டியின் அடியில் ஊன்றி, பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

இருந்தது. சடசடப்பு இருந்தது. கை நிறையப் படபடவென்று வந்துகொண்டே இருந்தது. ஜூலையில் சத்தமே இல்லை என்று நான் இறக்கியபோதும் அது இப்படித்தான் துடித்துக்கொண்டு இருந்திருக்கும்.

நகரவில்லை. முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் தணிந்தது. அப்புறம் விட்டு விட்டு வந்தது. ஒரு மணி இருபது நிமிடத்தில் ஒன்று, இடைவெளி, இன்னொன்று. பிறகு கையில் எதுவும் இல்லை. கசடை எடுத்து உருட்டினேன், மணல் மாதிரி உதிர்ந்தது. திரியை நனைத்துக் கொளுத்தினேன். சுடர் துள்ளவில்லை, நின்று எரிந்தது.

இறக்கி, வெந்தயமும் மிளகும் போட்டேன். வடிவு ஏன் அசையாமல் உட்கார்ந்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் 20, சனி

நேற்று வடிகட்டினேன். வடிவின் பாட்டிலையும் என் பாட்டிலையும் அடுத்தடுத்து மோந்துபார்த்தேன். என்னுடையதில் மருதாணி தூக்கல். மற்றபடி அதேதான்.

இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக் கட்டினேன். மிச்சம் இல்லை என்று பொய் சொன்ன அந்த இரண்டு விரல் எண்ணெயும் அவளுக்குத்தான். பார்சலில் போடப் போவதில்லை. நானே கொண்டுபோக வேண்டும். ஆனால் வரச்சொல்வாளா என்று தெரியவில்லை. நாளைக்கு ஞாயிறு. நானே கூப்பிடுவேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். அவள் ஏதாவது பேசுவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று தாளில் எழுதிவைத்திருந்தேன். தாளைப் பார்க்காமலே வந்தது.

"கோமு, அப்பாவுக்குக் காது கேக்காதும்மா. ரொம்ப நாளாவே கேக்காது. நீ ஜூலையில சொன்னது எனக்குக் கேக்கல. ஆகஸ்ட்ல கேட்டதும் கேக்கல. நீ வாஷிங் மெஷினப் பத்திப் பேசுறேன்னு நெனச்சுட்டேன். அதத்தான் இங்க வேண்டாம்னு சொன்னேன். ஒன்னய இல்ல. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

பதில் இல்லை. இருந்ததோ என்னவோ. அழுகிறாளா, சிரிக்கிறாளா, போனைக் கீழே வைத்துவிட்டாளா என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. இந்த மூன்று மாதத்தில் நான் இவ்வளவு பயந்ததில்லை.

"மெதுவாப் பேசினா எனக்குக் கேக்காதும்மா. அம்மா மாதிரி பேசு" என்றேன்.

அப்புறம் வந்தது.

"ரெண்டு மாசமா ஏன்பா ஒரு வார்த்தை கேக்கல? அம்மா இல்லன்னா எனக்கு யாருமே இல்லன்னு ஆக்கிட்டீங்களே. ஒருநாளாச்சும் சாப்பிட்டியான்னு கேட்டீங்களா? கேக்கலன்னா கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே? அவ்வளவு என்ன ரோசம் உங்களுக்கு?"

ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. இவ்வளவு தெளிவாக என்னை யாரும் திட்டி எட்டு மாதமாகிறது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டேன். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. திட்டி ஓய்ந்தபின் மூச்சு வாங்கிக்கொண்டு, "எண்ணெய் கைவசம் இருக்கா?" என்று கத்தினாள்.

"இருக்கு. நாளைக்கு நானே கொண்டாறேன். பிரசவத்துக்கு நீ இங்க வந்துரு. நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்குத்தான் காது கேக்காதே. பிள்ள அழுதா எப்பிடித் தெரியும்?"

"தொட்டில்ல கை வச்சிருப்பேன்" என்றேன்.

அதற்கு அவள் சொன்னது கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றேன். மறுபடி கத்தினாள். வரேன்ப்பா என்று.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஜெபமணி டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் கத்தினால் தெருவுக்குக் கேட்கும் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

"என்ன அண்ணாச்சி, வீட்ல யாரு சண்டை போடுதா?"

"என் மக, டீச்சர்" என்றேன்.